இரவல் கல்வெட்டு

நான்காம் பக்கத்தைப் படித்ததும் தவமலருக்கு உச்சந்தலைவரை கொதித்தது. முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் யாழ்ப்பாணத்தார் கல்வெட்டு என்பார்கள். செத்தவர் எப்படி வாழ்ந்தார் என்பது அதில்தான் அச்சாகும், அச்சானதுதான் நிற்கும். அவளுடைய அம்மா பூரணேஸ்வரியைப் பற்றி அதில் இருந்தது இவ்வளவுதான்: ‘கணவன் சொல் தட்டாதவர், வாசற்படி தாண்டாத குணவதி.’

வாசற்படி தாண்டாதவரா! நுவரெலியாத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கரின் மகளாகப் பிறந்து, பதினாறு வயதில் தோட்டத்து லொறியை ஓட்டிப் பழகியவர். மலையேறும் கார்ப் போட்டிகளில் பெண்கள் வேடிக்கை பார்க்க மட்டும் போன காலத்தில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மொறிஸ் மைனரில் ஏறி உட்கார்ந்தவர். கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கைத் தொடமாட்டார், கியரைக் குறைத்தே திருப்பிவிடுவார் என்று மாமாமார் வாய் ஓயாமல் சொல்வார்கள். 1961இல் தோட்டத்துத் துரைமார் அத்தனை பேரையும் பின்தள்ளி முதலாவதாக வந்தார். கலியாணமாகிக் கொஞ்சக் காலத்தில் எல்லாம் நின்றுபோனது. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். லண்டனுக்கு வந்தபிறகு பஸ்ஸில்தான் போய்வந்தார். யாருடைய காரிலாவது ஏறினால் மட்டும், வளைவு வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் ஆக்சிலேட்டரைத் தேடித் தரையை அழுத்தும்.

இத்தனையும் எங்கே போயிற்று? அண்ணன் பாலேந்திரா, போன வருடம் இறந்த தன் மாமியாரின் கல்வெட்டை அச்சகத்தில் கொடுத்து, பெயரையும் படத்தையும் மாற்றச் சொல்லியிருக்கிறார். கோயில் சபைத் தலைவர், ஊருக்கெல்லாம் நியாயம் சொல்கிறவர், பெற்ற தாய்க்கு இரவல் வாழ்க்கையை வாங்கிக் கொடுத்திருக்கிறார்!

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் சடங்கு நடக்கும் மண்டபத்து வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணை, உது ஆருடைய கதை? அம்மா கார் ஓடினது எங்கை?”

“சபையில உதெல்லாம் சொல்லேலாது. சனம் என்ன கதைக்கும்? விடு.”

“அப்ப உங்கடை மாமிக்கே ரெண்டாம் தரம் முப்பத்தொண்டு செய்யிறியள் எண்டு சொல்லுங்கோ!”

ஐயர் கூப்பிட்டார் என்று அவர் நழுவிவிட்டார். தவமலர் அழவில்லை. அழுகிற ஆத்திரமா அது? இருநூறு புத்தகங்களையும் பெட்டியோடு தூக்கிக்கொண்டு மண்டபத்துச் சமையலறைக்குப் போனாள். உள்ளே தேவாரம் பாடினார்கள். அவள் ஒவ்வொரு புத்தகமாக விரித்து, நான்காம் பக்கத்தின் கீழே பேனாவால் அழுத்தி எழுதினாள்: ‘1961, நுவரெலியா மலைப்பாதைக் கார்ப் போட்டி, முதலிடம்.’

முப்பதாவது புத்தகத்தில் இருந்தபோது பாலேந்திரா தேடி வந்தார். பந்தி தொடங்கிவிட்டது, சனம் கல்வெட்டைக் கேட்கிறது. அவர் ஒன்றை எடுத்து வாசித்தார். கத்தட்டும், தானும் பதிலுக்குக் கத்தலாம் என்று தவமலர் காத்திருந்தாள்.

“அறுபத்திரண்டிலையும் அம்மாதான் முதலாவதா வந்தவ,” என்றார் அவர்.

“என்ன?”

“நான் அப்ப வயித்துக்குள்ளை. நாலு மாதம். ஒருத்தருக்கும் சொல்லாமல் போட்டியில கார் ஓடினவ. பிறகு தெரிஞ்சு அப்பா காரை வித்துப்போட்டார். ‘உன்னாலைதான் கொம்மா ஓட்டத்தை விட்டவள்’ எண்டு எனக்குச் சொல்லிச் சொல்லியே வளத்தவர். உதை நான் எப்பிடி அச்சடிக்கிறது?”

தவமலருக்கு வந்த கோபம் தணியவில்லை. இன்னும் ஏறியது, ஆனால் இப்போது அது அண்ணனிடம் போகவில்லை.

“உங்களாலை இல்லை அண்ணை, அப்பாவாலை! காரை வித்தது அவர். பிறக்காத பிள்ளையில பழியைப் போட்டதும் அவர். வெக்கம் அவருக்கு வந்திருக்கவேணும். நீங்கள் ஏன் அறுபது வருஷமா அதைச் சுமந்துகொண்டு திரியிறியள்?”

“சனம்...” என்று அவர் தொடங்கினார்.

“சனம் சாப்பிடட்டும். இன்னும் நூற்றெழுபது கிடக்கு. கதிரையை இழுத்துப்போட்டு இருங்கோ.”

அவர் உட்கார்ந்தார். அவளிடமிருந்து பேனாவை வாங்கினார். அவள் எழுதிய வரிக்குக் கீழே மெதுவாக எழுதினார்: ‘1962, முதலிடம். காரில் மகனும் இருந்தான்.’