மூன்றாம் அழைப்பு

கடல்கடந்த மலையூரான கம்போங் ராஜாவுக்கு மேலே, மலைச்சரிவெங்கும் தேயிலை பசும்பாய்போற் படர்ந்து கிடக்க, அதன் தலைமாட்டில் காடு கருத்து நிற்க, பிற்பகல் வெயிலைக் கண்ணெதிரே விழுங்கிக்கொண்டு மூடுபனி இறங்கிய வேளை அது. முன்னாளில் நில அளவையாளர் வெட்டிச் சென்ற நெடுவழி அக்காட்டினூடே செல்கிறது. அவர்தம் அடியொற்றி நடக்க விரும்பிய பயணிகள் மறுவாரம் வரவிருந்தமையால், தேயிலை கொய்யும் தவமலரும் அவள் கணவன் கோகிலனும் புதர் களைந்து, மரந்தோறும் செந்துணி கட்டி வழி காட்டிக்கொண்டே சென்றனர். அவன் சற்று முன்னே போனான். இடையே பனி புகுந்து அவனை மறைத்தது.

அறிவுசால் நண்பரே, தோட்டத்து மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காட்டில் யார் பெயர் சொல்லி அழைத்தாலும் மூன்றாம் முறைதான் மறுமொழி தருவர். இருமுறையோடு நின்றுவிடுவது மாந்தர் குரலன்று என்பது அவர்தம் துணிபு. படித்த நீர் நகைக்கலாம். அப்பனியில் தனியே நின்று பார்த்தபின் நகையும்.

“மலரு!”

முன்னே போன கோகிலனின் குரல் கீழிருந்து எழக் கேட்டு, புதர் களைவதை நிறுத்தினாள் தவமலர்.

“மலரு!”

மீண்டும் அதே குரல், சற்றே நலிந்து வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, மூன்றாம் அழைப்புக்குச் செவிசாய்த்து நின்றாள். இலைநீர் சொட்டும் ஓசையன்றி வேறொன்றுமில்லை. திரும்பி ஓடினால் பிழைக்கலாம். அது அவனாக இருந்தால்? பேயே ஆயினும் அவன் குரலில் அழைக்கிறதே, போகாமல் எப்படி இருப்பது என்று அழுதபடியே பனிக்குள் தவழ்ந்தாள்.

நீட்டிய கைக்கு நிலம் தட்டுப்படவில்லை. விளிம்பு சரிந்திருக்க, கீழே ஒரு வேரைப் பற்றித் தொங்கினான் கோகிலன். எஞ்சிய செந்துணியை மும்மடியாய் முறுக்கி, மரத்தில் இறுகக் கட்டி, மறுமுனையை எறிந்து, உள்ளங்கை கிழிய அவனை இழுத்து ஏற்றினாள். ஏற்றியதும் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

“மூணாவது வாட்டி ஏங்க கூப்பிடல? பேயின்னு நெனச்சு ஓடியிருப்பேனே!”

“ரெண்டாவது கூப்பிட்டப்பதான் மேல மண்ணு சரியறதப் பாத்தேன். இன்னொரு வாட்டி கூப்பிட்டா நீ ஓடி வந்து விழுந்துருவ லா. பேயின்னே நெனச்சுப் போயிரட்டும்னு வாய மூடிக்கிட்டேன்.”

அதன்பின் அவள் அவன் கையை விடவேயில்லை.

மறுவாரம் வந்த பயணிகள், ஒரு மரத்தில் மட்டும் துணி மும்மடியாய் இருப்பதேன் என்று வினவினர். “அங்க வழுக்கும், பாத்துப் போங்க” என்றாள் தவமலர். முன்சென்றோர் புகழ்பேசும் அந்நெடுவழியில், வாய்மூடி இறக்கத் துணிந்தவன் அன்பும் பேயோ என அஞ்சியும் தவழ்ந்து வந்தவள் அன்பும் எங்கும் எழுதப்படவில்லை.