துரையின் கோரைப் பல்

மாமியாரின் பூனைக்குத் துரை என்று பெயர். மூன்று நாளாகத் துரை எச்சில் வடித்துக்கொண்டு கிடந்தது, சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கால்நடை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் சாட்சாத் மருமகள்தான். வீட்டில் பத்து வருஷமாக அவளுக்கு ஒன்றுக்கும் துப்பில்லாதவள் என்று பட்டம். இன்றைக்குத் தன் வேலையை மாமியார் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று ஒரே வீறாப்பு.

மயக்க ஊசி போட்டதும் துரை துவண்டது. அதை மல்லாத்தி, கழுத்துக்கடியில் ஸ்பாஞ்சு செருகி, மேல்தாடையை நாடாவால் மேசையோடு இழுத்துக் கட்டி, கீழ்த்தாடையை இன்னொரு நாடாவால் விரித்தாள். மூக்கு மயிரிழை சாய்ந்தாலும் படம் கோணிவிடும். மாமியாரோ தலைமாட்டில் சட்டமாக நின்றுகொண்டு, மீசை கசங்குகிறது, கழுத்து வலிக்கும் என்று ஓயாமல் நச்சரித்தார். அங்கே நிற்க இடமில்லாமல் மருமகள் கால்மாட்டுக்குப் போய், இடது பக்கத்தைக் காட்டும் ஈய எழுத்தை வைத்தாள். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுப் படம் எடுத்தாள்.

அடேயப்பா, என்ன படம்! மண்டை ஓடு இம்மி பிசகாமல் நேராக விழுந்திருந்தது. டாக்டரே சபாஷ் போட்டார். மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. வலது மேல்கோரைப் பல்லின் வேரில் சீழ் என்று படம் சொன்னது. வெளியே பார்த்தால் இரண்டு பல்லும் ஒன்றுபோல வெள்ளையாக இருந்ததால் படம் சொன்னதுதான் வேதவாக்கு. டாக்டர் குறடைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் மருமகளுக்குப் பகீரென்றது. வழக்கமாகத் தலைமாட்டில் நின்று தன் இடக்கைப் பக்கம் எழுத்தை வைப்பாள். மல்லாந்த பூனைக்கும் அதுதான் இடது. இன்று நின்றதோ கால்மாட்டில்; அங்கிருந்து அவள் இடக்கைப் பக்கம் பூனைக்கு வலது. பாழாய்ப்போன கை பழைய வழக்கத்தையே செய்துவிட்டது. சொன்னால் ஆயுசுக்கும் குத்திக்காட்டுவார்கள். சொல்லாவிட்டால் துரையின் நல்ல பல் போய்விடும். பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி நினைக்கத்தான் செய்தாள், பாவி.

"நிறுத்துங்க டாக்டர். எழுத்தைப் பக்கம் மாத்தி வச்சுட்டேன். தப்பு என்னுது."

மறுபடி படம் எடுத்தார்கள். சீழ் இடது பல்லில்தான். டாக்டர் அதைப் பிடுங்கினார். துரையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

சாயங்காலம் மகன் வந்ததும் மாமியார் ஆரம்பித்தார். "உன் பொண்டாட்டிக்கு இடது எது, வலது எதுன்னு தெரியலடா. அத்தனை பேர் முன்னாடி அவளே சொல்றா."

பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"ஒரு மாசமா எனக்கும் கடைவாய்ப் பல்லு வலிக்குது. பல் டாக்டர்கிட்ட போறப்போ இவ என் பக்கத்துல நிக்கணும்."