நின்றதுபோல் தெரிந்த இறக்கை

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த கையோடு சிலுவைமுத்து வீட்டு ஜன்னல்களையெல்லாம் போர்வையால் மூடிவிட்டார். நடு வீட்டில், அம்மிக்கல்லோடு சேர்த்துக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது ஒரு குட்டி ஹெலிகாப்டர். குவைத்திலிருந்து மச்சினன் கொண்டுவந்தது. கையிலிருக்கும் ரேடியோ பெட்டியின் குச்சியை அசைத்தால் எஞ்சின் வேகமெடுக்கும். தலைக்கு மேலே இரண்டு நீள மர இறக்கைகள் சுழலும்.

பள்ளி ஆண்டு விழாவில் இதைப் பறக்கவிடுவதாக ஹெட்மாஸ்டரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அதுவோ தரையை விட்டு எழும்புவேனா என்று அடம்பிடித்தது. இறக்கை நிமிடத்துக்கு ஆயிரத்தைந்நூறு சுற்று சுற்ற வேண்டும் என்றது கூட வந்த புத்தகம். திண்டுக்கல் நூல் மில்லில் இருபது வருடம் ஃபிட்டராக இருப்பவருக்கா அளக்கத் தெரியாது? மில்லில் நூல் சுற்றும் கதிர்களின் வேகம் பார்க்கும் விளக்கை ஒருநாள் இரவல் வாங்கி வந்திருந்தார். விட்டு விட்டு மின்னும் விளக்கு அது. மின்னலும் சுற்றும் ஒத்துப்போனால் சுழல்கிற பொருள் நிற்பதுபோல் தெரியும். அப்போது விளக்கிலுள்ள முள் காட்டுவதுதான் வேகம். வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது என்பதால்தான் போர்வை.

வீட்டுக்குள்ளேயா இதை ஓட்டுவது என்று மனைவி இஞ்ஞாசியம்மாள் கேட்டார். இருபது வருட சர்வீசைப் பதிலாகச் சொல்லி அவரை அடுப்படிக்கு அனுப்பினார் சிலுவைமுத்து. அனுபவசாலிகளைக் கேள்வி கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது இந்தப் பதில்தான்.

விளக்கைப் பிடிக்க ஒச்சப்பன் வந்திருந்தார். அதே மில்காரர், வலது கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டையும் போன வருடம் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷின் எடுத்துக்கொண்டது. மூடி போட்டுக் கழற்றினால் பத்து நிமிடம் வீண் என்று அந்த மெஷினைத் திறந்தே வைத்திருந்தவர் சிலுவைமுத்து. விசாரணையில் 'ஒச்சப்பனின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவரும் அவரே. ஒச்சப்பன் இப்போது மில் வாட்ச்மேன்.

எஞ்சின் இரைந்தது. ஒச்சப்பன் விளக்கைத் திருகத் திருக, மங்கலான வட்டம் பிரிந்து இரண்டு இறக்கைகளாகி, மெல்ல நகர்ந்து, படம் வரைந்ததுபோல் நின்றது. அடையாளத்துக்கு ஒட்டிய வெள்ளைக் காகிதம் ஓரத்தில் பிரிந்திருப்பதுகூடத் தெரிந்தது. பென்சில் பிடித்த கையாலேயே அதை அழுத்திவிடப் போனார் சிலுவைமுத்து.

ஒச்சப்பன் விளக்கைக் கீழே போட்டுவிட்டு அவர் காலரைப் பிடித்து இழுத்தார். பென்சில் மட்டும் இறக்கையில் பட்டுத் துண்டுகளாகத் தெறித்தது. விளக்கு விலகியதும், நின்றிருந்த இறக்கைகள் மறைந்து மறுபடி வட்டம்தான் இரைந்துகொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுச் சிலுவைமுத்து தரையில் உட்கார்ந்தார்.

"நிக்கிதுன்னுதான் நெனச்சேன், ஒச்சு."

"எனக்கும் அன்னைக்கு அப்பிடித்தான்யா தெரிஞ்சுச்சு. சுவிட்ச அமத்திட்டேன், சத்தம் இல்ல. உள்ள உருள சுத்திக்கிட்டிருந்தது தெரியல. மூடி மட்டும் இருந்திருந்தா கை உள்ள போயிருக்காது."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. அதுதான் சிலுவைமுத்துவால் தாங்க முடியவில்லை. அடுப்படியிலிருந்து ஓடிவந்த மனைவியின் எதிரிலேயே அழுதுவிட்டார்.

அன்று பொழுது மசங்குகிற நேரத்தில் மூவரும் பள்ளி மைதானத்துக்குப் போனார்கள். ஹெலிகாப்டரைக் கனமான பலகையில் இறுக்கி, பலகையைத் தரையில் முளையடித்து, சுற்றிலும் இருபதடி தள்ளிக் கயிறு கட்டினார்கள். காகிதத்தை எஞ்சின் ஓடும் முன்பே அழுத்தி ஒட்டினார்கள். விளக்கும் ஆட்களும் கயிற்றுக்கு வெளியே; யாரும் உள்ளே போகாமல் இஞ்ஞாசியம்மாள் காவல் நின்றார். முள் ஆயிரத்து இருநூறு காட்டியது. இறக்கை முழுதாக நின்ற பிறகே உள்ளே போய் எஞ்சின் வேகத்துக்கான திருகாணியைச் சரிசெய்தார்கள். மூன்றாம் முறை ஆயிரத்தைந்நூறு வந்தது.

ஆண்டு விழாவில் அது எழும்பிப் பறந்தது. ஆனால் அதற்கு முன்பே, திங்கட்கிழமை காலை, மூடியைத் திறந்து வைத்தது தான்தான் என்று எழுதி மேனேஜரிடம் கொடுத்தார் சிலுவைமுத்து. பிறகு ஒவ்வொரு மெஷினுக்கும் மூடியைப் பூட்டினார். நேரம் போகிறதே என்று சூப்பர்வைசர் மணிமாறன் கடிந்துகொண்டார்.

சிலுவைமுத்து கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "ஓடுற மெஷினுக்கு நம்ம சர்வீசு தெரியாது சார். கை போனப்பெறகு கவனக்குறைவுன்னு எழுத எவனாலயும் முடியும். போகாம மூடி வைக்கிறதுதான் வேல தெரிஞ்சவனுக்கு அழகு."