பாத்ததா, கேட்டதா?

இப்போதெல்லாம் மனிதர்களுக்குக் கண் எதற்கு இருக்கிறது என்றே தெரியவில்லை. எதிரே நிற்பவனைப் பார்ப்பதில்லை. கையிலிருக்கும் செல்போனைப் பார்க்கிறார்கள். அதில் எவனோ எதையோ அனுப்பினால் போதும், ரத்தம் கொதிக்கிறது. தண்ணீர் கொதிக்கக்கூட அதைவிட நேரமாகும்.

போன வருஷம் எங்கள் தெருவுக்கும் எதிர்த்தெருவுக்கும் நடந்த அடிதடி அப்படித்தான் ஆரம்பித்தது. கடைகள் எரிந்தன. நடுவிலிருக்கும் பெரிய சாலையை அதற்குப் பிறகு இரண்டு பக்கத்தாரும் தாண்டுவதில்லை. அந்தச் சாலையோரத்தில், எரிந்துபோன டயர் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்தார் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு நர்சம்மா. ஒரு மூலையில் கட்டில், மருந்து அலமாரி. யாருக்குக் காயம் பட்டாலும் இலவசமாகக் கட்டுப் போடுவார். மறு மூலையில் கரும்பலகை. படிப்பை விட்டவர்களுக்குச் சாயங்கால வகுப்பு. இரண்டு தெருவுக்கும் பொது.

சும்மா யாராவது செய்வார்களா, ஏதோ ஆதாயம் இருக்கும் என்று நானும் தேடிக்கொண்டிருந்தேன். இன்னும் அகப்படவில்லை.

நான் வெல்டர். கிடங்குக் கூரையில் தகரம் ஓட்டை என்று கூப்பிட்டார்கள். வேலைதானே என்று போனேன். போனால், முன்வரிசையில் என் மருமகள் உட்கார்ந்திருக்கிறாள்!

"என்ன மாமா, நீங்களும் சேர வந்தீங்களா?" என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

"கூரைக்கு வந்தேன். நீ இங்க வர்றது உன் புருஷனுக்குத் தெரியுமா?"

"கூட்டம் கூட்டம்னு அலையறவருக்கு, வீட்ல நான் இருக்கேனா இல்லையான்னே தெரியாது."

எதிர்த்தெருக்காரர்களை அடித்து விரட்ட வேண்டும் என்று கூட்டம் போடுகிறவர்களோடுதான் என் மகன் சுற்றிக்கொண்டிருந்தான்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம். பாடத்துக்கு முன்னால் யாராவது ஒருவர், தெருவில் அடிபடும் பேச்சு ஒன்றைச் சொல்ல வேண்டும். உடனே மற்றவர்கள், "பாத்ததா, கேட்டதா?" என்பார்கள். கண்ணால் பார்த்தவர் கையைத் தூக்கலாம். கேட்டது என்றால், தனக்குச் சொன்னவரிடமே போய் விசாரித்துக்கொண்டு வர வேண்டும். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டே ஏணியில் ஏறினேன்.

ஏணி சறுக்கியது. விழுந்ததில் நெற்றி கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். வகுப்புக்கு வந்துகொண்டிருந்த எதிர்த்தெரு ரொட்டிக்கடைக்காரர் ஓடிவந்து என்னைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். போன வருஷம் எரிந்த கடைகளில் அவருடையதும் ஒன்று. "மாவு மூட்டையே தேவலை" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே தூக்கினார். சாலையில் போன எவனோ அதைப் படம் பிடித்திருக்கிறான்.

நர்சம்மா தையல் போட ஆரம்பித்தபோது வெளியே இரைச்சல். 'நம்ம வெல்டரை எதிர்த்தெருக்காரன் அடிச்சுத் தூக்கிட்டுப் போறான்' என்று அந்தப் படம் எங்கள் தெரு முழுக்கப் போய்விட்டதாம். இரும்புக் கம்பிகளோடு ஒரு கும்பல். முன்னால் என் மகன்.

என் தலையைப் பிடித்திருந்த ரொட்டிக்கடைக்காரர் வாசலைப் பார்த்தார். ஆனால் பிடியை விடவில்லை. நான் எழப் பார்த்தேன்.

"ஊசி உள்ள இருக்கு, அசையாதீங்க," என்றார் நர்சம்மா. வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அந்த அம்மாள்.

மருமகள்தான் போய் வாசலை மறித்து நின்றாள்.

"வழி விடு!" என்றான் மகன்.

"விடறேன். அடிச்சது நீங்க பாத்ததா, கேட்டதா?"

"ஏய், எங்கப்பா ரத்தத்தோட கெடக்கறாருடி!"

"அதான் கேக்கறேன். அடிச்சதப் பாத்தவங்க கையத் தூக்குங்க."

ஒருவன் கம்பியோடு கையைத் தூக்கினான்.

"எங்க நின்னு பாத்தீங்கண்ணே?"

"போன்ல," என்றான் அவன். பின்னாலிருந்து எவனோ சிரித்துவிட்டான்.

ரொட்டிக்கடைக்காரர் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். "நான் பாத்தேன்! துருப்பிடிச்ச தகரத்துல ஏணியச் சாய்ச்சா, மனுஷன் விழாம பறப்பாரா?"

"யோவ், நான் சரியாத்தான்யா சாய்ச்சேன்!" என்று கத்தினேன்.

என் குரலைக் கேட்டதும் மகன் கையிலிருந்த கம்பி தரையில் விழுந்தது. உள்ளே வந்தான். ரத்தத்தைப் பார்த்ததும் கட்டிலருகிலேயே நின்றுவிட்டான்.

"மரம் மாதிரி நிக்காம டார்ச்சப் பிடிப்பா, வெளிச்சம் பத்தல," என்றார் நர்சம்மா. பிடித்தான். என் தலை ரொட்டிக்கடைக்காரர் கையில், டார்ச் என் மகன் கையில்; இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வெளியே கும்பல் கலைந்தது. கூட்டம் போடுகிறவர்களின் தலைவன் மட்டும், "இன்னிக்கு ஏணி. நாளைக்கு நெசமாவே அடிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனான். எனக்கும் அதே கேள்விதான். நர்சம்மாவிடமே கேட்டேன்.

"அன்னிக்கும் கேப்போம் பெரியவரே. அடிச்சது ஒருத்தனா, இல்ல அந்தத் தெரு முழுக்கவான்னு."

"நீங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள மண்டை உடைஞ்சுடும்மா."

"உடைஞ்சா தைக்கறேன்," என்று நூலை வெட்டினார்.

இப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. ஒரு கரும்பலகையும் ஒரு கேள்வியும் இரண்டு தெருக்களைத் தாங்கி நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரும்பே துருப்பிடிக்கிறது.

"நாளைக்கு வருவீங்கல்ல மாமா?" என்றாள் மருமகள்.

"கூரைக்கு," என்றேன்.

மகன் தோளைப் பிடிக்க வந்தான், கையைத் தட்டிவிட்டேன். விழுந்து கிடந்த ஏணியை எடுத்து, சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தேன்.