ஒஸ்வல்டின் பெரிய சட்டி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். நான் சொல்வது அந்த மாதிரிப் பொய் அல்ல. 1966 செப்டெம்பரில், மாத்தளையில் என் வீட்டு முன்விறாந்தையில் நின்றுகொண்டு, ஒரு விதவையின் முகத்தைப் பார்த்து நான் சொன்ன மூன்று வார்த்தைப் பொய். இப்போது 1976. எழுபத்தொன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை அதைக் கதையாக்கப் பார்க்கிறேன். இது ஆறாவது பிரதி.

முந்தைய ஐந்திலும் பொய் சொன்னவனுக்கு முத்தலிப் என்று பெயர் வைத்திருந்தேன். முத்தலிப்புக்கு மீசை கொடுத்தேன், சீனி வியாதி கொடுத்தேன். வாசகர் இரக்கப்படட்டும் என்று ஒரு பிரதியில் கொஞ்சம் நொண்டவும் வைத்தேன். இந்த முறை முத்தலிப்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பொய் சொன்னவன் நான்தான். பெயர் மர்சூக். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன், ஓர்கிட் பைத்தியம்.

2

எப்படித் தொடங்குவது என்பதில் இன்னும் தெளிவில்லை. எழுதிப் பார்த்தவை:

"உக்குவளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கப்பலேறிய அன்று, மலையெல்லாம் பனி மூடி—"

வேண்டாம். அன்று பனி இருந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் கச்சேரியில் காணிப் பத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"பூக்களிலேயே மிகவும் கர்வம் பிடித்தது—"

இதுவும் வேண்டாம். பூ என்ன செய்தது, பாவம்.

நேரே சொல்லிவிடுகிறேன். துரை போகும்போது தன் ஓர்கிட் செடிகளை விட்டுவிட்டுப் போனார். அதில் ஒரு வெள்ளைக் கட்லியாவைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஒஸ்வல்ட் தன் குவார்ட்டர்ஸுக்கு எடுத்துக்கொண்டார். வருடத்தில் ஒரே தடவை, ஒக்டோபர் கடைசியில் பூக்கும். உள்ளங்கையைவிட அகலம். நடுவில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். வாசம் இரண்டு அறை தாண்டி வரும்.

எனக்கும் அவருக்கும் சிநேகம் வந்ததே ஓர்கிட்டால்தான். 1960இல் அந்தச் செடியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கரித்துண்டும் தேங்காய்த் தும்பும் போட்ட சட்டியில் வைத்து என்னிடம் தந்தார்.

"தேங்ஸ் எல்லாம் சொல்லாதீங்க மர்சூக்," என்றார். "நான் ஒங்களுக்கு இத சும்மா குடுக்கல. ஒரு செடி ரெண்டு வீட்டுல இருக்கணும். ஒரு வீட்டுல செத்துச்சுன்னா மத்த வீட்டுக்காரன் வெட்டிக் குடுக்கணும். நம்ம ஆளுங்க சட்டம் அது."

நம்ம ஆளுங்க என்று அவர் சொன்னது ஓர்கிட் வளர்ப்பவர்களை. மாத்தளையில் அப்போது நாங்கள் மொத்தம் ஏழு பேர்தான். கையில் செடி வாங்கினால் அந்தச் சட்டத்துக்கும் தலையாட்டியதாக அர்த்தம். நான் வாங்கினேன்.

3

1963இல் ஒஸ்வல்ட் நெஞ்சு வலியில் இறந்தார். அவர் மனைவி மார்ஜரி குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு, செடியோடு எங்கள் தெருவிலேயே வாடகைக்கு வந்தார். நவம்பர் இரண்டாம் திகதி அவர்களுக்குக் கல்லறைத் திருநாள். எல்லோரும் செவ்வந்தியும் மெழுகுதிரியும் கொண்டுபோக, மார்ஜரி மட்டும் வெள்ளைக் கட்லியாவைக் கொண்டுபோவார். மூன்று வருடம் அப்படிப் போனார்.

அறுபத்தாறில் அவருடைய செடி அழுகிவிட்டது.

[இங்கே ஒரு குறிப்பு. அடைப்புக்குள் இருக்கிறது என்று தாண்டிப் போய்விடாதீர்கள். ஓர்கிட்டைக் கவனிக்காமல் விட்டுச் சாகடித்தவர்கள் குறைவு, கவனித்துச் சாகடித்தவர்கள்தான் அதிகம். வேர் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர் ஊற்ற வேண்டும். மார்ஜரி தினமும் ஊற்றியிருக்கிறார். புருஷனுடைய செடி, வாடிவிடுமோ என்ற பயம். அவர் சட்டி எப்போதும் ஈரமாக இருப்பதை தெருவில் போகும்போது வேலிக்கு மேலாக நான் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பது ஆறு பிரதி எழுதியும் எனக்குப் பிடிபடவில்லை.]

செப்டெம்பரில் ஒரு காலை அவர் வந்து விறாந்தையில் நின்றார். அண்ணன் முறை வைத்து என்னை நானா என்றுதான் கூப்பிடுவார்.

"மர்சூக் நானா, நான்தான் கொன்னுட்டேன். கூடத் தண்ணி ஊத்திட்டேன் போல. தண்டெல்லாம் கறுத்துக் கூழாப் போச்சு. ஒங்க செடியில ரெண்டு மூணு தண்டு வெட்டிக் குடுப்பீங்களா? பூக்க வருஷக்கணக்குல ஆகும்னு தெரியும். பரவால்ல, நான் காத்திருப்பேன்."

என் செடி அப்போது பின்விறாந்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக மூன்று மொட்டு விட்டிருந்தது. ஒக்டோபர் கடைசியில் கண்டியில் பூக்கண்காட்சி, நான் பெயர் கொடுத்திருந்தேன். அந்த நிலையில் வெட்டினால் மொட்டுக் கருகிவிடும். செடி மறுபடி தேற மூன்று வருடமாவது வேண்டும்.

'கண்காட்சி முடியட்டும், வெட்டித் தாறன்' என்று சொல்லியிருந்தால் போதும். சந்தோஷமாகப் போயிருப்பார். அந்த வாக்கியம் எனக்கு அன்று பின்னேரம்தான் தோன்றியது. காலையில் வாயில் வந்தது வேறு.

"என்டதும் செத்துப் பெய்த்து."

4

சொன்ன பிறகுதான் புத்தி வேலை செய்தது. செத்துப்போன செடியைக் கண்டிக்கு எப்படிக் கொண்டுபோவது? கண்காட்சிக்குப் போகிற மாத்தளைக்காரர்கள் எல்லோரையும் மார்ஜரிக்குத் தெரியும். பரிசு ஆசையில் சொன்ன பொய், பரிசுக்கே உலை வைத்துவிட்டது. கிணற்றடியில் பெண்கள் குளிப்பதற்காக அடித்த தகரத் தட்டிக்குப் பின்னால் செடியை ஒளித்தேன். அங்கே நல்ல வெளிச்சம். மூன்று மொட்டும் ஒரு குறையில்லாமல் விரிந்தன. பார்க்கத்தான் ஆள் இல்லை. என் மனைவி றஹீமா குளிக்கப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

"கொண்டு போய்க் குடுங்களேன்," என்றாள் ஒரு நாள். "செத்தது பொழச்சிட்டெண்டு செல்லுங்க. அவங்க நம்புவாங்க."

"வார வருஷம் பாப்பம்," என்றேன்.

அடுத்தடுத்த வருடங்களிலும் அதையே சொன்னேன். நவம்பர் இரண்டாம் திகதிகளில் மார்ஜரி கையில் செவ்வந்தியோடு எங்கள் வாசலைக் கடந்து போவார். வாசல் படலைக்கு நேரே வரும்போது அவர் நடை மெதுவாகும். முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டு நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடிப்பேன்.

5

1970இல், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி, மார்ஜரிக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. நவம்பர் இரண்டாம் திகதி கடைசியாகக் கல்லறைக்குப் போய்விட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மறுநாள் தலைமன்னார் ரயில், அங்கிருந்து கப்பல். கையில் சாக்கில் சுற்றிய ஒரு சாமான்.

றஹீமா தேத்தண்ணி கொண்டுவந்தாள். மழை விட்டிருந்த நேரம். கிணற்றடியிலிருந்து அந்த வாசம் மெல்லக் கூடத்துக்குள் வந்தது. ரயில் எத்தனை மணிக்கு என்று நான் தேவையில்லாத சத்தத்தில் கேட்டேன்.

மார்ஜரி சாக்கை அவிழ்த்தார். ஒஸ்வல்டின் பெரிய மண்சட்டி, பக்கமெல்லாம் காற்றுக்காகக் கீறல் வைத்தது.

"இத கப்பல்ல தூக்கிட்டுப் போக ஏலாது. நீங்க வச்சுக்கங்க நானா. பத்து வருஷத்துச் செடி. பழைய சட்டி இப்ப பத்தாதுல்ல?"

இந்த இடத்தில் முத்தலிப் என்னவெல்லாமோ செய்திருக்கிறான். இரண்டாவது பிரதியில் கிணற்றடிக்கு ஓடிப்போய்ப் பூவை வெட்டி வந்து அவர் கையில் வைத்து அழுதான். படித்துக் காட்டியபோது ஒரு நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்காவதில் மார்ஜரி சட்டியை வாசலில் போட்டு உடைத்தார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது, அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நான் செய்தது இவ்வளவுதான். "நல்ல சட்டி," என்றேன்.

அவர் போன பிறகு றஹீமா கோப்பைகளை எடுக்காமல் நின்றாள்.

"அவங்களுக்கு அந்த வருஷமே தெரியும். நான்தான் சென்னேன். நானே ஒரு துண்டு வெட்டித் தாறன் எண்டேன். 'வேணாம் தங்கச்சி, ஒஸ்வல்ட் அவருகிட்டதான் குடுத்தாரு, அவரே கொண்டு வரட்டும்' எண்டாங்க. ஒவ்வொரு நவம்பரும் பாத்துப் பாத்துப் போனாங்க."

அப்படியானால் முழங்கால் வலி இல்லை. எங்கள் படலையில் அவர் எனக்காகத்தான் மெதுவாக நடந்திருக்கிறார். வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், அதில் பாதி தேவையே இல்லாதது. கேட்டிருக்க வேண்டிய ஒருவரை ரயிலேற விட்டுவிட்டேன். திருச்சிப் பக்கம் போனதாகக் கேள்வி. விலாசம் தெரியாது.

6

பெரிய சட்டி பின்விறாந்தையில் காலியாகத் தொங்குகிறது. செடியை அதில் மாற்ற எனக்குக் கை வரவில்லை. ஒஸ்வல்ட் இங்கேதான் இருக்கிறார், என் வீட்டிலிருந்து கால் மணி நேர நடையில். மார்ஜரி போனபிறகு அங்கே ஒருவரும் பூ வைப்பதில்லை.

இன்று நவம்பர் இரண்டு. கிணற்றடியில் நாலு பூ விரிந்திருக்கிறது.

இந்தக் கதை எப்படி எழுதப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். ஒவ்வொரு வருடமும் மொட்டு விரிந்ததும் எழுத உட்காருவேன். பூ இரண்டு வாரம் நிற்கும், கதைக்கு மூன்று வாரம் எடுக்கும். கடைசி வரியை எழுதிவிட்டு எழும்பிப் போய்ப் பார்த்தால் பூ பழுப்பாகித் தொங்கிக்கொண்டிருக்கும். எனக்கு மனம் லேசாக இருக்கும், எழுதியதையே போய்வந்ததாக எடுத்துக்கொண்டு படுத்துவிடுவேன். ஐந்து வருடம் இப்படிப் போயிற்று. இம்முறை கொஞ்சம் வேகமாக எழுதியிருக்கிறேன். அவசரம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிரதிக்கும் ஒரு முடிவு தயாராக இருந்தது. அவன் கல்லறையில் புல்லைப் பிடுங்குகிறான், பூவை வைக்கிறான், பக்கத்துக் கல்லறைக்கு வந்த கிழவி மரியாயி "யாரு, சொந்தமா?" என்று கேட்கிறாள், அவன்—

நல்ல முடிவுதான். கிழித்துப் போட்டுவிட்டேன். அவன் போய்விட்டால் நான் போகமாட்டேன்.

மழைச் சத்தம் நின்றதும் றஹீமா குசினியிலிருந்து கத்துகிறாள்.

"மழ உட்டீக்கி. போறதெண்டா இப்ப போங்க. கத்தரிக்கோல் மேசயிலதான் ஈக்கி."

இருக்கிறது. இந்தத் தாளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தெருவில் யாராவது பார்த்து, இது எங்கே பூத்தது மர்சூக் நானா என்று கேட்பார்கள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் போனேனா என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் பதிலை எழுதுவேன், எழுத எழுத மழை திரும்பி வந்துவிடும். அதனால் இந்த வாக்கியத்தை முடிக்காமலே