சாரல் முடிந்த பிறகும்

“மதினியத் தென்காசிக்குக் கூட்டிட்டுப் போறேன் அத்தை. ரத்தம் எடுத்து தைராய்டு பாக்கணும்.”

பேசவே கூடாது என்று அம்மா சொல்லியனுப்பியதை, இலஞ்சியில் அண்ணனின் மாமியார் வீட்டில் கொடுத்த காபியைக் குடித்து முடிப்பதற்குள் பேசிவிட்டேன். பிள்ளையைப் பார், அதற்கு எடுத்த சட்டையைக் கொடு, போட்டதைச் சாப்பிடு, வந்துவிடு, மதினி உடம்பைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்பதுதான் சுந்தரபாண்டியபுரத்தில் பஸ் ஏறும்போது எனக்கு இடப்பட்ட உத்தரவு. தலைப்பிரசவம் பெண்ணைப் பெற்றவர்கள் பாடு. பிள்ளையோடு அவள் நம் வீட்டுப் படி ஏறும்வரை நாம் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் பொறுப்பும் நம் தலையில் வந்து உட்கார்ந்துவிடும்.

வள்ளித்தாய் அத்தை டம்ளரை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். நான் மறுபடியும் உள்ளறைக்குப் போனேன்.

சங்கரேஸ்வரி மதினி, அண்ணன் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் ஒடுங்கியிருந்தாள். வெளியே தென்னந்தோப்பில் புரட்டாசி வெயில் கொளுத்தியது. அவள் பிள்ளை பெற்றது அருவி சீசன் தொடங்கிய சமயம். ஐந்தருவியில் தண்ணீர் கொட்ட, சாரல் ஊரையே நனைத்துக்கொண்டிருந்தபோது, குளிருகிறது என்று அவள் சொன்னது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. எல்லோருக்கும்தான் குளிர்ந்தது. பெற்ற உடம்பில் சாரக்காற்று ஏறிவிட்டது என்று அத்தை ஜன்னலைச் சாத்தினாள், பேறுகாலக் காய லேகியம் கிண்டிக் கொடுத்தாள், பச்சைத் தண்ணீரைத் தொடவிடவில்லை. கவனிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல். குறை இருந்தால் சண்டை போடுவது சுலபம். இப்போது அருவிக்கரைக் கடைகளைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள், பாறை காய்ந்து கிடக்கிறது. மதினியின் குளிர் மட்டும் இன்னும் போகவில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுத் தந்தவள் இவள். சூரியகாந்தித் தோட்டத்து ஓரமாக, பின்னால் உட்கார்ந்துகொண்டு, நான் பயந்து பயந்து போகும்போதெல்லாம், “ஏட்டி, பின்னால வார எருமைக்கு வழி விடு, அதுக்கு நேரமாகுது” என்று முதுகில் தட்டிச் சிரிப்பாள். அந்தக் குரல் இப்போது கரகரத்துப்போய், ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து வந்தது. முகம் ஊதியிருந்தது. நல்ல கவனிப்பு, சதை போட்டிருக்கிறாள் என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்களாம். போன் செய்தால் தூங்குகிறாள், பிள்ளையைக் காட்டக்கூடச் சோம்பல் என்று அண்ணன் முத்துராஜ் அங்கிருந்து புலம்புகிறான். செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அம்மா அதற்கு ஒத்து ஊதுகிறாள்.

பாயில் கிடந்த பிள்ளை சிணுங்கியது. மதினி பார்த்தாள். கை நீட்டவில்லை. நான் தூக்கிக்கொண்டேன்.

“செல்வி, யார்ட்டயும் சொல்லாதட்டி. எனக்கு இவ மேல ஆசையே வர மாட்டேங்கு. அழுதா, பக்கத்து வீட்ல யாரோ பிள்ள அழுத மாதிரி இருக்கு. நான்லாம் என்ன தாயி?”

அவள் தலையைத் தடவினேன். விரல் இடுக்கெல்லாம் முடி வந்தது. அதை அவள் பார்க்காமல் சுருட்டிக் கைக்குள் மடக்கிக்கொண்டேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் நிர்மலாதேவி டீச்சரும் பிள்ளை பெற்ற பிறகு இப்படித்தான் கிடந்தார். ரத்தம் பார்த்த பிறகுதான் தைராய்டு என்று தெரிந்தது. மாத்திரை போட்டு ஆள் தேறி வந்ததை மதினியிடம் சொன்னேன்.

“உங்களுக்கும் அதான்னு சொல்லல மதினி. இருக்கானு பாத்துருவோம். பாக்காம உங்கள நீங்களே வையாதீங்க.”

அத்தை நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“டீச்சரம்மா, தவளைய அறுத்துப் படிச்ச படிப்ப எம்மக மேல காட்டாத.” குரலில் கோபம் கொஞ்சம்தான், பயம்தான் நிறைய. “சீக்குனு ஒரு பேரு விழுந்தா, சீக்காளியக் கட்டி வச்சிட்டாகனு நாளைக்கு உங்கம்மா சொல்லிக் காட்ட மாட்டாகளா? நீயே சொல்லு.”

“சொல்லுவாக அத்தை.”

பொய் சொல்ல வாய் வரவில்லை. அம்மா சொல்வாள், இவள் வந்து இறங்குகிற அன்றைக்கே சொல்வாள். பேர் கெட்டுவிடும் என்று இந்த வீட்டில் வைத்தியம் பார்க்க மாட்டார்கள். நம் பாடில்லை என்று அந்த வீட்டில் பார்க்க மாட்டார்கள். இரண்டு வீட்டு மானத்துக்கும் நடுவில் இவள் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு, தன்னைக் கெட்ட தாய் என்று நம்பிக்கொண்டு கிடக்க வேண்டும்.

“சொன்னா அங்கன நான் இருப்பேன். மொதச் சண்ட எங்கூடத்தான்.”

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாமா வயலிலிருந்து வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்றாள். நான் யாரையும் கேட்பதாக இல்லை. வந்ததும் உள்ளே எட்டிப் பார்த்து, அந்த வெயிலில் அந்தச் சட்டையைக் கண்டபோதே முடிவாகிவிட்டது. காபி ஆறுவதற்குள் ஆட்டோவுக்குப் போன் போட்டிருந்தேன்.

பிள்ளையைத் தோளில் சாய்த்து, துப்பட்டாவால் தலையை மூடினேன். மதினி அவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“வாங்க மதினி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

பின்னால், செருப்புக்குள் நுழையாத வீங்கிய கால் ஒன்று தரையில் இழுபடும் சத்தம். அதை எட்டிப் பிடிக்கிற வேகத்தில் இன்னொருத்தியின் வெறுங்கால்கள். தாங்க வருகின்றனவா, தடுக்க வருகின்றனவா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனையில் ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது. பிள்ளையின் மூச்சு என் கழுத்தில் வெதுவெதுவென்று பட்டுக்கொண்டே வந்தது.