செத்த தண்ணீர்

மூன்று வருடமாக ஒரே வகை மீனின் குஞ்சைத் தேடுகிறேன். பெரியவற்றுக்குப் பஞ்சமில்லை, எஞ்சின் சத்தம் கேட்டால் துள்ளி மடியிலேயே வந்து விழும். எங்கிருந்தோ வந்து எங்கள் ஆற்று மீன்களுக்கு உலை வைக்கிற இந்த வந்தேறிக் கெண்டை, இங்கேயே குஞ்சு பொரிக்கிறதா என்பதுதான் கேள்வி. குஞ்சுகள் இருக்கும் இடம் தெரிந்தால் வாயிலிலேயே வலை கட்டி மடக்கலாம். தெரியாவிட்டால், 'இங்கே பெருகவில்லை' என்று எழுதி வெள்ளிக்கிழமை மீன்வளத் துறையில் என் கோப்பை மூடிவிடுவார்கள். அன்று வியாழன்.

படகோட்டி என் கொழுந்தன். வீட்டில் வாயைத் திறக்க மாட்டான்; படகில் ஏறினால் மூட மாட்டான்.

காலையிலிருந்து நடு ஆற்றில் ஆறு முறை வலை போட்டோம். கிடைத்தது ஒரு செருப்பு.

"இன்னொண்ணும் கிடைச்சா வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாம், அண்ணி."

மதியம் அவன் புதர்களுக்குப் பின்னால், ஆற்றோட்டத்தை விட்டு விலகித் தேங்கியிருந்த ஒதுக்குத் தண்ணீருக்குள் படகைத் திருப்பினான்.

"அங்க எதுக்கு? செத்த தண்ணில என்ன கிடைக்கும்?"

"நிம்மதி கிடைக்கும். படகு ஆடாம சாப்பிடலாம்."

சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவ முக்கி எடுத்தேன். உள்ளே நகம் அளவில் ஏதோ மின்னியது. மூன்று. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். கண்கள் வாய்க்கும் கீழே இறங்கியிருந்தன. வேறெந்தக் குஞ்சுக்கும் அப்படி இருக்காது.

"இதுதாண்டா!"

"இந்தப் பொடியா? இங்க எப்பவும் இருக்குமே. கால விட்டா கூசும். இதுதான் உங்க மீனுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் நாளே இது செத்த தண்ணின்னு நீதானே சொன்ன?"

"செத்த தண்ணின்னா ஓடாத தண்ணி, அண்ணி. ஓட்டம்தான் செத்திருக்கு. உள்ள இருக்கிறதெல்லாம் செத்துப்போச்சுன்னா சொன்னேன்?"

நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். படிவத்தில், என் கையெழுத்தில், பன்னிரண்டு ஒதுக்குகளுக்கும்: 'உயிரினம் இல்லை.' இழுக்கிற ஓட்டத்தில் நகம் அளவுக் குஞ்சு எப்படி நிற்கும் என்று யோசிக்கக்கூட இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய சந்தோஷமாகவும் இருந்தது. சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு ஒதுக்குகளில் டப்பாவை முக்கினோம், இரண்டிலும் குஞ்சுகள்.

மறுநாள் பழைய வரியை அடித்துவிட்டு, 'நிறைய' என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி வலைக்கு உத்தரவு போடப் பேனாவைத் திறந்தவர், இடத்தின் பெயரைப் பார்த்து நிறுத்தினார்.

"என்னம்மா இது, செத்த தண்ணில நிறைய மீனா? செத்த தண்ணின்னா என்ன அர்த்தம்?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி சார்" என்றேன்.